கண்ணளவு

பழவங்காடி என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு நினைவு வருவது சிதறுதேங்காய்தான். தேர்வு எழுதப் போகுமுன் அங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். நன்றாகப் படித்தவர் ஒன்று உடைப்பார். படிக்காதவர் மூன்று உடைப்பார். அந்தப் பிள்ளையார் படைவீரர்களின் பிள்ளையார். திருவிதாங்கூர்ப் படையினர் வழிபட்ட அக்கோயிலை இன்று இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் பேணி வருகிறது. பழைய அங்காடி என்பதே பழவங்காடி ஆயிற்று என்பர். அங்காடியின் ஆரவாரம் இப்பொழுது சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. பழவங்காடியில் எஞ்சியிருப்பவை தேங்காய் ஓசையும் பேருந்துகளின் ஓசையுமே.

படைவீரர்களின் பிள்ளையாரைப் பற்றி எழுத நான் வரவில்லை. அக்கோயிலுக்கு அருகே தங்கிப் படிக்கும் நான், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கண்ட ஒரு வில்லைப் பற்றியும், அந்த வில் என்னை இழுத்துச் சென்ற ஒரு காட்டைப் பற்றியும், அக்காட்டில் நான் கற்ற ஒரு பாடத்தைப் பற்றியும் எழுத வந்தேன். பாடம் சிறியது. ஆயின் அதைக் கற்க நான் கொடுக்க நேர்ந்திருக்கக்கூடிய விலை பெரியது. அந்த விலையை வேறு யாரும் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

பள்ளிவேட்டை

ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுக்கு இருமுறை பத்து நாள் திருவிழா நடைபெறும். ஐப்பசியில் ஒன்று; பங்குனியில் ஒன்று. மலையாளிகள் இவற்றை அல்பசி, பைங்குனி என்பர். திங்களின் பெயர் சிறிது உருமாறினும் உறவு மாறவில்லை. பத்தாம் நாள் ஆராட்டுக்காகச் சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். அவ்வூர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்வதால், அந்நேரத்தில் விமானங்கள் நிறுத்தி வைக்கப்படும் என்பதை நாம் அறிவோம்.

அதற்கு முந்திய இரவு நடப்பது பள்ளிவேட்டை. சென்ற ஐப்பசியில் நானும் என் நண்பன் ஒருவனும் அதைக் காணச் சென்றோம். பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் நுழைந்து, கூட்டத்தோடு கூட்டமாய்ச் சுந்தரவிலாசம் அரண்மனைப் பக்கம் போய் நின்றோம். சுவாமி எழுந்தருளி வந்தபோது மேளம் இல்லை, நாதசுரம் இல்லை. வேட்டைக்குச் செல்பவர் ஓசை எழுப்பலாமா? நகரத்தின் நடுவே இலையும் தழையும் கொண்டு ஒரு சிறு காடு அமைத்திருந்தனர். அக்காட்டிலே விலங்குக்கு ஈடாக ஓர் இளநீர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்தார். அம்பு பாய்ந்தது. திரும்பும்போது வாத்தியங்கள் முழங்கின.

நான் அப்பொழுது ஓராண்டாக வில் பயின்று வந்தவன். சமநிலத்தில், 18 மீட்டர் தொலைவில், 40 செ.மீ. வட்டத்தைப் பார்த்து நாள்தோறும் அம்பு எய்து வந்தேன். பத்து அம்பில் ஏழாவது மஞ்சளைத் தொடும். அந்த மிடுக்கில், அருகில் நின்ற நண்பனிடம், “இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்” என்றேன்.

சொன்னது தவறு. அங்கு நடந்தது சடங்கு, போட்டி அன்று. நண்பன் அதைச் சொல்லவில்லை. அவன் குலசேகரத்துக்காரன். அவன் தந்தையாருக்கு அங்கே ரப்பர்த் தோட்டம் உண்டு. “இது ஊருக்குள்ளே கொண்டுவந்த காடு. நீ எங்க காட்டுக்கு வாயேன். அங்கே கண்ணைத் திறந்துகொண்டே அடி, பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

கானகப் போட்டி என்பது யாது?

அவன் அழைத்தது விளையாட்டுக்காக அன்று. கானகத்தில் வில்லெய்யும் போட்டி உலகெங்கும் நடைபெறும் ஒரு முறையான போட்டி. ஒலிம்பிக்கில் நாம் காண்பது சமநிலப் போட்டி. அங்கே 70 மீட்டர் என்றால் எல்லார்க்கும் 70 மீட்டரே. முதல் அம்புக்கும் அதுதான், கடைசி அம்புக்கும் அதுதான். கானகப் போட்டியிலோ வில்லாளர் காட்டுப் பாதையில் நடந்துகொண்டே செல்ல வேண்டும். வழியில் 24 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று அம்புகள். ஆக 72 அம்புகள். குறியின் நடுவிலுள்ள மஞ்சளில் 5, 6 என இரு மதிப்புகள். சுற்றியுள்ள கறுப்பு வளையங்களில் 4 முதல் 1 வரை. ஆகவே பிழையே செய்யாதவர் பெறக்கூடியது 432. மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுவாக நடப்பர். தாம் எய்ததைத் தம் குழுவினர் முன்னிலையிலேயே எண்ணிக் குறிப்பர். எல்லா மதிப்பையும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் அம்பைத் தொடலாகாது.

குறிகள் நான்கு அளவின: 20, 40, 60, 80 செ.மீ. நிற்குமிடத்தை நிலத்தில் நட்ட முளைகள் காட்டும். ரீகர்வ், காம்பவுண்டு வில்லாளர்க்குச் சிவப்பு முளை; குறிகாட்டி முதலிய துணைகள் இல்லாத ‘பேர்போ’ வில்லாளர்க்கு நீல முளை. பாதிக் குறிகளுக்குத் தொலைவு எழுதி வைத்திருப்பார்கள். மற்றப் பாதிக்கு எழுதியிருக்காது. போட்டியின் உயிர் இந்த மறுபாதியில்தான் இருக்கிறது. தொலைவை அளக்கும் கருவி எதையும் கொண்டு செல்லக் கூடாது. சிவப்பு முளையிலிருந்து 10 மீட்டராகவும் இருக்கலாம். 55 மீட்டராகவும் இருக்கலாம். வில்லாளர் தம் கண்ணால் அளந்து எய்ய வேண்டும்.

உலக வில்வித்தைக் கூட்டமைப்பு 1931-இல் தோன்றியது. கானகப் போட்டிக்கென உலக வாகைப் போட்டி முதன்முதலில் 1969-இல் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் என்னுமிடத்தில் நடந்தது. 2024-இல் கனடாவின் லாக் லா பிஷ் என்னும் ஊரில் நடந்தது. ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை; எனினும் 1985 முதல் ‘உலக விளையாட்டுகள்’ என்னும் விழாவில் இடமுண்டு. 2022-இல் பர்மிங்காமில் நடந்த அவ்விழாவில் நம் நாட்டு அபிஷேக் வர்மாவும் ஜோதி சுரேகாவும் வெண்கலம் வென்றனர். ஆனால் அவர்கள் வென்றது சமநிலத்துக் காம்பவுண்டுப் போட்டியில்.

ஐந்து மீட்டரின் விலை

“தொலைவைச் சிறிது தவறாக மதித்தால் என்ன கெட்டுவிடும்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நாம் இடைநிலை வகுப்பில் படித்த கணக்கைக் கொண்டே இதைப் பார்த்துவிடலாம்.

அம்பு ஒன்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். 30 மீட்டர் செல்ல அதற்கு 0.6 நொடி ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதனை 1.76 மீட்டர் கீழே இழுக்கும். எனவே நாம் அந்த அளவுக்கு மேல்நோக்கி வில்லைப் பிடிக்கிறோம். இப்பொழுது குறி 30 மீட்டரில் இல்லை, 35 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு செல்ல 0.7 நொடி, விழும் அளவு 2.40 மீட்டர். 30 மீட்டருக்கென்று பிடித்த கோணம் 35 மீட்டரில் 2.06 மீட்டர் உயர்வையே தரும். ஆகவே அம்பு நடுவிலிருந்து 34 செ.மீ. கீழே போகும். 60 செ.மீ. குறியின் ஆரம் 30 செ.மீ. மட்டுமே. அம்பு குறியையே தொடாது!

கையில் நடுக்கம் இல்லை, நாணில் பிழை இல்லை, காற்றும் இல்லை. கண் ஐந்து மீட்டர் பிசகியது, அவ்வளவே. 10 மீட்டர் என்று எண்ணி 15 மீட்டரில் எய்தால் பிழை 15 செ.மீ. அங்கே வைத்திருக்கும் 20 செ.மீ. குறியின் ஆரமோ 10 செ.மீ. அங்கும் அம்பு மண்ணுக்கே.

காடு இன்னும் பல விதமாக நம் கண்ணை ஏமாற்றும். 60 செ.மீ. குறி 30 மீட்டரிலும், 80 செ.மீ. குறி 40 மீட்டரிலும் கண்ணுக்கு ஒரே அளவாய்த் தோன்றும். வெயில் பட்ட குறி அருகில் இருப்பதுபோல் இருக்கும்; நிழலில் நிற்பது எட்டிப் போனதுபோல் இருக்கும். இடையே உள்ள பள்ளம் கண்ணுக்கு மறைந்திருந்தால் தொலைவு குறைந்து தோன்றும். பள்ளம் முழுதும் தெரிந்தால் கூடித் தோன்றும். இரு பக்கமும் மரம் அடர்ந்த நேர்வழியில் நோக்கினாலும் தொலைவு கூடியதாகவே படும்.

மேடும் பள்ளமும் வந்தால் மற்றொரு கணக்கு. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் தொலைவிலுள்ள குறிக்கு, கிடைமட்டத் தொலைவு 34.6 மீட்டரே. புவியீர்ப்புக்குக் கிடைமட்டத் தொலைவே கணக்கு. எனவே மேலே எய்தாலும் கீழே எய்தாலும் ஏறக்குறைய 35 மீட்டர் என்று கொண்டே எய்ய வேண்டும். மலை ஏற்றத்தில் மேலே எய்யும்போது கூடுதலாகத் தூக்கிப் பிடிப்பதே புதியவர் செய்யும் முதற்பிழை. நானும் அதைச் செய்தேன்.

குலசேகரத்தில் ஒரு ஞாயிறு

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் நால்வர் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம். மார்த்தாண்டத்தில் இறங்கிக் குலசேகரம் சென்றோம். 1956 நவம்பர் முதல் நாள்வரை அப்பகுதியும் நம் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. இன்று இடையே மாநில எல்லை இருக்கிறது. மரங்களும் மழையும் பேச்சும் அந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை.

நண்பன் தோட்டத்திலும், அதனை அடுத்த தன் குடும்பத்து மேட்டுக்காட்டிலும் 12 குறிகளை வைத்திருந்தான். எல்லாம் தொலைவு எழுதாதவை. எங்களுடன் முதியவர் ஒருவர் நடந்து வந்தார். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர். பல்லாண்டுகளாக அத்தோட்டத்தில் பால் வெட்டுபவர். நண்பன் அவரைப் ‘பாட்டா’ என்றே அழைப்பான்; நாங்களும் அவ்வாறே அழைத்தோம். சிறுவயதில் அவர் தம் தந்தையுடன் மலையில் வில் பிடித்தவராம்.

முதல் இரண்டு குறிகள் ரப்பர் வரிசைகளுக்கு இடையே இருந்தன. மரங்கள் வரிசையாய், ஏறக்குறைய ஐந்து மீட்டருக்கு ஒன்றாய் நின்றன. எண்ணியிருந்தால் தொலைவு கையில் கிடைத்திருக்கும். நான் எண்ணவில்லை. குறியின் மஞ்சளை மட்டும் பார்த்தேன். பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தது அதுதானே! துரோணர் கேட்டபோது மற்றவர் மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது என்றார்கள். அருச்சுனன் மட்டும் பறவையின் கண் தெரிகிறது என்றான். அந்தக் கதையைக் கேட்காத மாணவன் நம் நாட்டில் உண்டா? நானும் அருச்சுனனாய் நின்று கண்ணை மட்டும் பார்த்தேன். அம்புகள் குறிக்கு அடியிலே போய்ச் சருகில் புகுந்தன. அவற்றைத் தேடி எடுப்பதற்கே கால்மணி ஆயிற்று.

ஆறு குறிகள் முடிந்தபோது, பெறக்கூடிய 108-இல் நான் பெற்றது 17. நண்பன் 60-ஐத் தாண்டியிருந்தான். என் முகத்தைப் பார்த்துப் பாட்டா அருகில் வந்தார்.

“மக்கா, குறி தெரியுதா?”

“தெரியுது பாட்டா. நல்லாத் தெரியுது.”

“குறிக்கு முன்னால என்ன தெரியுது?”

நான் விழித்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

“முதல்ல அந்தக் குறிக்குப் பாதி வழியில ஒரு மரத்தைப் பிடி. பிறகு அந்த மரத்துக்குப் பாதி. அதுக்கும் பாதி. உன் வீட்டுத் திண்ணை நீளம் வந்தா அங்கே நிறுத்து. நிறுத்தின இடத்துல இருந்து திரும்ப எண்ணிக்கிட்டே போ. காட்டுல ஒண்ணைப் பாக்கணும்னா அதுக்குச் சுத்தி இருக்கிறதை எல்லாம் பாக்கணும், மக்கா.”

ஏழாவது குறியில் அவ்வாறே செய்தேன். பாதியில் ஓர் அயினிமரம். அதில் பாதியில் ஒரு பாறை. பாறை ஆறு மீட்டர் இருக்கும். ஆக 24 மீட்டர். மூன்று அம்பும் குறியில் தைத்தன. எட்டாவதிலும் அப்படியே. என் மிடுக்கு மறுபடியும் தலைதூக்கியது.

ஒன்பதாவது குறி மேட்டின் முகட்டில் இருந்தது. வெயில் பட்டு மஞ்சள் பளபளத்தது. பாதி, பாதியில் பாதி என்று விரைந்து கணக்கிட்டேன். அம்பை நாணில் பூட்டி முழுதும் இழுத்தேன். அப்பொழுது,

“நிறுத்து மக்கா!” என்று ஒரு குரல்.

நாணை மெல்லத் தளர்த்தினேன். பாட்டா குறியைக் காட்டவில்லை. குறிக்கு அப்பால் காட்டினார். முகட்டுக்கு மறுபக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை. அதில் சுள்ளிக் கட்டைத் தலையில் சுமந்து ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். சிவப்புச் சேலை. தலையும் கட்டும் முகட்டுக்கு மேலே தெரிந்தன. நான் அவரைப் பார்க்கவே இல்லை. மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். அம்பு குறியிலேயே தைத்திருக்கலாம். ஆனால் அன்று காலை முதல் ஆறு குறிகளில் என் அம்புகள் எங்கெங்கே போயின என்பதை நான் அறிவேன். அவ்வம்மையார் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். என்ன நடக்க இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. என் கைகள் நடுங்கின, நெடுநேரம் நின்றபாடில்லை.

முகட்டில் குறி வைத்தது எங்கள் பிழை. குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். அல்லது யாரும் வர இயலாத வெட்டவெளி நெடுந்தொலைவு இருக்க வேண்டும். குறிக்குப் பின்னே பாதை இருக்கவே கூடாது. முறையான போட்டிகளில் இதையெல்லாம் பார்த்த பின்னரே களம் திறக்கப்படும். நாங்கள் வளையத்தின் அளவையும் முளையின் நிறத்தையும் விதிப்படி வைத்தோம். உயிரைக் காக்கும் விதியை மறந்தோம். அந்தக் குறியை அன்று யாரும் எய்யவில்லை. பிடுங்கி எடுத்துவிட்டோம். எஞ்சிய மூன்று குறிகளில், பின்னே என்ன இருக்கிறது என்று நால்வரும் நடந்து சென்று பார்த்த பிறகே எய்தோம்.

ஆக 11 குறிகள், பெறக்கூடியது 198. நான் பெற்றது 61. அதில் 44 கடைசி ஐந்து குறிகளில் வந்தவை. நண்பன் 121.

ஓரியும் நாமும்

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முந்திய ஆண்டு மாணவர் கூட்டமொன்றில் வல்வில் ஓரியைப் பற்றி நான் உரை நிகழ்த்தினேன். சேரரின் கொடியில் வில் இருந்ததைச் சொன்னேன். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடியதைச் சொன்னேன். கைதட்டல் பெற்றேன். குலசேகரத்திலிருந்து திரும்பிய இரவு அந்தப் புறநானூற்றுப் பாட்டை (152) மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் ஓரி அரியணையில் இல்லை. காட்டில் நிற்கிறான். ‘இவ்வேடன் யாரோ, ஓரிதானோ அல்லனோ’ என்று பாணர் ஐயுறுகின்றனர். கடைசியாக அம்பு சென்று தங்குவது புற்றிலுள்ள உடும்பின்மேல். புற்று இருப்பதை முதலில் கண்டவனல்லனோ அதைச் சொல்லத்தக்கவன்! பாட்டில் இருப்பது புனைவோ மிகையோ, காட்டை அறிந்த ஒருவனின் புகழ் அது. நான் அதை மேடை அறிந்தவனின் புகழாக்கிவிட்டேன்.

ஓரியின் கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அவ்விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறி, செம்மேட்டில் குதிரைமேல் வில்லுடன் நிற்கும் ஓரியின் சிலையை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். சிலையைக் கண்டவர் பலர். அந்த மலையில் நின்று அம்பு எய்தவர் எத்தனை பேர்?

நம் கேரளத்து வயநாட்டிலும் வில்லுக்கு வரலாறு உண்டு. 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் குறிச்சியர் வில்லாளரோடு சென்று பனமரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைநிலையைக் கைப்பற்றினர். 1805 நவம்பரில் சந்து கொல்லப்பட்டார். அதே மாத இறுதியில் பழசிராஜாவும் மடிந்தார். துப்பாக்கி ஏந்திய படையை அம்பு எதிர்த்து நின்றதற்கு வீரம் மட்டும் காரணம் அன்று. அந்தக் காட்டின் ஒவ்வொரு வளைவையும் அவர்கள் கண் அறிந்திருந்தது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. இராஜஸ்தானத்துப் பழங்குடிச் சிற்றூரில் பிறந்து, மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்த லிம்பா ராம், 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் நம் நாட்டுக்காக வில் பிடித்தார். 1991-இல் அவருக்கு அருச்சுனா விருது வழங்கப்பட்டது. மரத்தையும் கிளையையும் பார்த்து வளர்ந்தவருக்குப் பறவையின் கண்ணை மட்டும் பார்த்தவன் பெயரால் ஒரு விருது!

துரோணர் கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அம்பை விடும் அந்த ஒரு கணத்தில் கண் ஒன்றே தெரிய வேண்டும், அது மெய். ஆனால் அந்தக் கணத்துக்கு முன் மரம் தெரிய வேண்டும். கிளை தெரிய வேண்டும். கிளைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும். அருச்சுனன் அவற்றை முன்பே பார்த்து முடித்திருப்பான் என்று கொள்வதே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை. மற்றவர் முதற்படியிலேயே நின்றுவிட்டனர். நானோ முதற்படியை ஏறாமலே இரண்டாம் படிக்குத் தாவினேன்.

மதிப்பெண் ஒன்றையே பார்த்துப் படிக்கும் நமக்கு இது வில்லுக்கு மட்டும் உரிய பாடமாக எனக்குத் தோன்றவில்லை. அதை விரித்துரைக்க நான் தகுதியுடையவன் அல்லன்; நண்பர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

பயில விரும்புவோர்க்கு

வில் இல்லாமலே பயிற்சியைத் தொடங்கலாம். நான் இப்பொழுது செய்து வருவதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் நடையை அளந்துகொள்ளுங்கள். 50 மீட்டர் நாடாவால் அளந்து, எத்தனை அடியில் அதைக் கடக்கிறீர்கள் என்று மூன்று முறை எண்ணுங்கள். எனக்கு 66 அடி.

இரண்டாவது, நாள்தோறும் பத்துத் தொலைவுகளை மதியுங்கள். பழவங்காடிக் கோயில் வாசலிலிருந்து எதிரே உள்ள விளக்குக் கம்பம் எவ்வளவு? புத்தரிக்கண்டம் திடலின் ஓரத்திலிருந்து அந்த மரம் எவ்வளவு? முதலில் எண்ணைத் தாளில் எழுதுங்கள். பிறகு நடந்து பாருங்கள். எழுதாமல் நடந்தால் மனம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் நான் 30 மீட்டரில் எட்டு மீட்டர் பிசகினேன். மூன்று மாதத்தில் அது இரண்டாகக் குறைந்தது.

மூன்றாவது, காலை, நண்பகல், மாலை என ஒரே தொலைவை மூன்று வெளிச்சத்தில் பாருங்கள். கண் எவ்வாறு மாறுகிறது என்பது விளங்கும்.

நான்காவது, வில் எடுப்பதாயின் பயிற்சியாளர் ஒருவரிடமே தொடங்குங்கள். காட்டுக்குப் போகுமுன் சமநிலத்தில் குறைந்தது ஆறு மாதம் பயிலுங்கள்.

ஐந்தாவது, சட்டத்தை அறியுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. சரணாலயத்துக்குள் இசைவின்றி ஆயுதம் கொண்டு செல்வதையும் தடுக்கிறது. நெய்யாறும் பேப்பாறையும் நமக்கு அருகில் இருக்கின்றன என்பதற்காக அங்கே வில்லோடு போய்விடாதீர்கள். உரியவரின் இசைவு பெற்ற தனியார் தோட்டமே நமக்குக் காடு. தாளில் வரைந்த வட்டமே நமக்கு விலங்கு.

ஆறாவதாக, எல்லாவற்றுக்கும் மேலாக: குறிக்குப் பின்னே நடந்து சென்று பாருங்கள். ஒருவர் அம்பு பூட்டியிருக்கும்போது மற்றொருவர் குறிக்கு அப்பால் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். எங்கள் குழுவில் இப்பொழுது அந்த வேலையைச் செய்பவருக்குப் ‘பாட்டா’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். முறைவைத்து நால்வரும் பாட்டா ஆகிறோம்.

இந்தப் பங்குனியில் மறுபடியும் பள்ளிவேட்டை காணச் சென்றேன். அதே இலைக்காடு, அதே இளநீர். இம்முறை நான் ஒன்றும் பேசவில்லை. வில் வளைவதற்கு முன், இளநீருக்குப் பின்னால் மக்கள் யாரேனும் நிற்கிறார்களா என்று என் கண் தானாகவே தேடியது. யாரும் இல்லை என்று கண்ட பிறகுதான் அம்பைப் பார்த்தேன்.

ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு நாங்கள் நால்வரும் புத்தரிக்கண்டத்தில் தொலைவு மதிக்கிறோம். வில் தேவையில்லை, ஒரு தாளும் எழுதுகோலும் போதும். வர விரும்பும் நண்பர்கள் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் வந்து நிற்கலாம். வரும் ஆடியில் கொல்லிமலைக்கு ஒரு சிறு குழுவாகப் போக எண்ணியிருக்கிறோம். ஓரியைப் பற்றி அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றுவதாக இல்லை.